பின் சீட்டில் ஆள் இல்லை

என் மனைவி காரில் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் நான் எவ்வளவு பொறாமை பிடித்தவன் என்று எனக்கே தெரிந்தது. ஐம்பதை நெருங்கும் ஆள் இதையெல்லாம் எழுதக் கூச்சப்பட வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொறாமைக்கு வேறு பெயர் வைத்து மழுப்புவதாக இருந்தால் எழுதாமலே இருந்துவிடலாம். காரை ஓட்டியவர் ஓர் ஆணாக இருந்திருந்தால்கூட நாலு பேரிடம் சொல்லி ஆறுதல் தேடியிருப்பேன். ஓட்டியவர் எங்கள் ஊர் மேலத்தெருக் கணக்கு டீச்சர். பின் சீட்டில் இன்னும் இரண்டு டீச்சர்கள். முன் சீட்டில் என் மனைவி. மூன்று பெண்களையும் ஒரு வெள்ளைக் காரையும் பார்த்து ஒருவனுக்கு வயிறு எரிகிறது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தக் காரில் அவளை ஏறச் சொன்னவனே நான்தான். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் வீடு போலகத்தில். மகள் புதுச்சேரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என் அலுவலகம் காரைக்கால் டவுனில். மனைவியின் பள்ளிக்கூடமும் முன்பு டவுனில்தான் இருந்தது. ஒரே பைக்கில் போனோம், வந்தோம். நான் முன்னால், அவள் பின்னால், நடுவில் சாப்பாட்டுப் பை. வண்டி தெருமுனையைத் தாண்டியதும் பேச ஆரம்பிப்பாள். அடுத்த ஊரான பட்டினத்துக் கடைத்தெரு, அரசலாற்றுப் பாலம் எல்லாம் கடந்து பள்ளிக்கூட வாசலில் இறங்குகிறவரை நிறுத்த மாட்டாள். எந்தப் பிள்ளை யாருடைய டிபன் பாக்ஸைத் திறந்து முட்டையை எடுத்தது, தலைமையாசிரியர் எந்தச் சுற்றறிக்கையை மூன்று முறை படித்தும் புரியாமல் மடித்து வைத்தார் என்று ஒன்றுவிடாமல் வரும். நான் "ம்" என்பேன். ஹெல்மெட்டுக்குள் பாதிதான் கேட்கும், மீதி காற்றில் போய்விடும். இருந்தாலும் முதுகில் அவள் குரல் பட்டுக்கொண்டே வருவது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்தால் அவளுக்கு அடுப்படியும் திருத்த வேண்டிய நோட்டுகளும் இருக்கும், எனக்கு டிவி இருக்கும். ஒரு நாளில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் அந்த வண்டியில்தான். நான் பேசியது "ம்" மட்டும்தான் என்றாலும் அதைப் பேச்சு என்றே கணக்கில் வைத்திருந்தேன்.

இப்படிப் பதினோரு வருடம். கடைசி மூன்று வருடம் அவளை நெடுங்காடு பக்கம் மாற்றிவிட்டார்கள். அப்போதும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். என் அலுவலக வாசலைத் தாண்டிப் போய், அவளை இறக்கிவிட்டு, அதே வழியில் திரும்பி வர வேண்டும். சாயங்காலமும் அதே கதை. பெட்ரோல் விலை ஏற ஏற அந்தச் சுற்று உறுத்த ஆரம்பித்தது.

பெட்ரோல் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு திமிர் உண்டு. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். புதுச்சேரி வரி என்பதால் எங்கள் பக்கம் விலை கொஞ்சம் குறைவு. வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூர், அது தமிழ்நாடு. அங்கிருந்து கார்களும் பைக்குகளும் எல்லை தாண்டி வந்து எங்கள் பங்க்குகளில் வரிசை கட்டி நிற்கும். பார்க்கும்போது நாமே நம் கொல்லையில் தோண்டி எடுத்துக் கொடுப்பதைப் போல் ஒரு பெருமை வரும். எங்கள் ஆள் ஒருவன் தமிழ்நாட்டில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தான் என்று தெரிந்தால், டீக்கடையில் ஒரு வாரம் அவன்தான் பேச்சு. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் வருவானே ஒழிய அங்கே போட மாட்டான். இந்தக் கொள்கையில் நான் ரொம்பத் தீவிரம்.

விலை ஏறியபோது எங்கள் பக்கமும் சேர்ந்துதான் ஏறியது. திமிர் மட்டும் மிஞ்சியது. நான் சிக்கன வழிகளில் இறங்கினேன். ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைத்தேன். நாற்பதுக்கு மேல் ஓட்டுவதில்லை. திடீர் பிரேக் கிடையாது. வாரம் தவறாமல் டயரில் காற்று பார்த்தேன். பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்கு வண்டி எடுப்பதை நிறுத்தினேன். தினமும் காலையில் வண்டியைச் சாய்த்து, இரண்டு ஆட்டு ஆட்டி, டேங்கில் காதை வைத்துப் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று சத்தத்திலேயே கண்டுபிடிக்கும் வித்தையும் கைவந்தது. முள் காட்டுவதை நான் நம்புவதில்லை. டேங்க் நிறைய ஊற்றினால் அந்தக் கனத்தை இழுக்கவே பெட்ரோல் செலவாகும் என்று போனில் யாரோ சொன்னதை நம்பி, எப்போதும் அரைகுறையாகவே வைத்திருந்தேன்.

அதே போனில்தான் அந்த வரியும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே சத்தமாகப் படித்தேன். தேவையில்லாத சுமையை வண்டியில் ஏற்றாதீர்கள், சுமை கூடினால் மைலேஜ் குறையும். படித்த கையோடு அவளிடம் சொன்னேன்.

"மேலத்தெரு டீச்சர் கார்லதானே போறாங்க. ஒரே ஸ்கூலுதானே. நீ அவங்களோட போயிடேன். பெட்ரோலுக்கு எல்லாருமா சேந்து போட்டுக்கலாம்."

அவள் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி ஒரு கணம் நின்றது.

"சரிங்க," என்றாள்.

அவ்வளவுதான். ஒரு "ஏன்" கூட இல்லை. மறுநாளே கணக்கு டீச்சரிடம் பேசி, அடுத்த திங்கள் முதல் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது.

முதல் வாரம் நான் வெற்றிக் களிப்பில் இருந்தேன். வண்டி அலுவலகத்துக்கு மட்டும் போய் வந்தது, பெட்ரோல் தீரவே மாட்டேன் என்றது. இரண்டாவது வாரம்தான் சில விஷயங்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. என் பைக்கில் வந்த காலத்தில் நான் வாசலில் நின்று மூன்று முறை ஹாரன் அடித்தால்தான் வெளியே வருவாள். கார் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பைக்கில் தூசிக்காகத் தலையில் துண்டைக் கட்டிக்கொள்வாள், வைத்த பூ பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும். இப்போது முழுச் சரமாக மல்லிகை வைத்தாள். சாயங்காலம் வரும்போதும் அது அப்படியே இருந்தது. பூ உதிராமல் வந்ததற்காக ஒருவன் எரிச்சல்படுவானா என்று கேட்டால், பட்டேன்.

அடுத்து தின்பண்டம். சுண்டல், அவல் உப்புமா, ஒரு நாள் கொழுக்கட்டை. முதல் டப்பா காருக்குப் போனது. எனக்கு மீதி. உடைந்த கொழுக்கட்டை எல்லாம் எப்படித் தவறாமல் என் தட்டுக்கே வந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. பிறகு போன். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸப் குரூப். ஒரே காரில் போய், ஒரே பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க இருந்து, ஒரே காரில் திரும்பி வந்தவர்களுக்கு வீட்டுக்கு வந்தும் பேச என்ன இருக்கிறது? அடுப்பில் பால் வைத்துவிட்டுப் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பாள். பால் பொங்கினால் நான்தான் ஓடிப்போய் அணைப்பேன்.

"இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று ஒரு நாள் நானாகவே கேட்டேன். கல்யாணமானதிலிருந்து நான் இதைக் கேட்டது அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

"நெறைய நடந்துச்சு. எல்லாத்தையும் கார்லயே பேசி முடிச்சாச்சுங்க," என்றாள். குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. பேசிப் பேசித் தீர்ந்துபோன களைப்பில், நிறைவாகச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அற்பமாக ஏதேதோ செய்தேன். "முன் சீட்டு உனக்குன்னு யாரு முடிவு பண்ணுனது?" என்று கேட்டேன். "ஏன், அதையும் நீங்கதான் முடிவு பண்ணணுமா?" என்றாள். ஒரு நாள் காலையில் நான் கிளம்பத் தாமதமாகி, வாசலில் வந்து நின்ற காரின் டயர்களைக் குனிந்து பார்த்துவிட்டு, "பின் டயர்ல காத்து கம்மி. மைலேஜ் குடுக்காது. சொல்லு அவங்ககிட்ட," என்றேன். சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் வந்து, "சொன்னேங்க. எல்லாரும் சிரிச்சாங்க," என்றாள். எதற்குச் சிரித்தார்கள் என்று கேட்டேன். "சும்மாதான்," என்று உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்க அந்தச் "சும்மாதான்" என்னைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது.

அதன் விடை ரயில்வே கேட்டில் கிடைத்தது. வழக்கமாகக் கார் வருவதற்கு முன்பே நான் கிளம்பிவிடுவேன். அன்று பட்டினத்தில் காற்று பிடிக்க நின்றதில் கார் என்னை முந்திவிட்டது. கேட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கேட் போட்டிருந்தார்கள், வெள்ளைக் கார் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. நான் வண்டியை அதன் இடது பக்கமாகக் கொஞ்சம் பின்தள்ளி நிறுத்தி, என் விதிப்படி எஞ்சினை அணைத்தேன். கார்க் கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. என் மனைவி முன் சீட்டில் முழுக்கத் திரும்பி, பின்னால் இருந்த இருவரையும் பார்த்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். என்னைக் கவனிக்கவில்லை. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பார்க்க மட்டும்தான் முடிந்தது.

இரண்டு கையாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஹேண்டில்பாரைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினாள். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, டேங்கில் காதை வைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அந்தப் பிதுக்கலைப் பார்த்ததும் எனக்கு ஹெல்மெட்டுக்குள் வேர்த்தது. அது என் பிதுக்கல். பிறகு குனிந்து ஒரு டயரை விரலால் சுண்டினாள். சாவியைத் திருப்பி அணைத்து, சட்டைப்பையில் எதையோ சேமித்துவிட்டதைப் போலத் தட்டிக்கொண்டாள். கணக்கு டீச்சர் ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். பின்னால் ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

அவ்வளவு நன்றாகச் செய்தாள். என்னைக் கிண்டல் செய்தது வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிதாக வலித்தது வேறு. இவளுக்கு இப்படி நடிக்க வரும் என்று எனக்குத் தெரியாது. புருவம் அப்படி ஏறும், ஒரு கன்னம் மட்டும் அப்படிக் குழியும் என்று தெரியாது. மூன்று பேருக்குத் தெரிந்திருக்கிறது. சில மாதத்தில் அவர்களுக்குக் கிடைத்தது எனக்கு இத்தனை வருடத்தில் கிடைக்கவில்லை. இறங்கிப்போய்க் கண்ணாடியைத் தட்டி, "என் பெண்டாட்டியை என்கிட்ட குடுங்க," என்று கேட்கலாம்போல் இருந்தது.

கடைசியாக ஒன்று செய்தாள். இடது கையை மட்டும் பின்னால் கொண்டுபோய், எதையோ மெல்ல இரண்டு முறை தட்டினாள். தட்டிவிட்டு அப்படியே இருந்தாள். பின்னால் இருந்தவர்களின் சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவர் முகத்தைத் திருப்பி வெளியே பார்த்தார். அது என்னவென்று எனக்குப் புரியவில்லை. ரயில் போனது, கேட் திறந்தது, கார் போய்விட்டது. என் பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் நான் வண்டியைக் கிளப்பினேன்.

அந்தக் கடைசி ஒன்று என்ன? வெளியே சொல்ல முடியாத ஏதோ ஒன்றை என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள், அதனால்தான் அவர்கள் முகமே மாறிவிட்டது என்று நானாக முடிவுகட்டினேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் பார்த்தேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்குப் பதிலாக, சாம்பாரில் உப்பு அதிகம் என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. மகள் போன் செய்தபோது, "அம்மாகிட்ட பேசணும்னா கார்லதான் புடிக்கணும்," என்றேன். இப்படிப் பத்து நாள் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினத்தில் என் மனைவியின் அக்கா மகளுக்கு வளைகாப்பு. கணக்கு டீச்சருக்கும் அன்று அந்தப் பக்கம் வேலை இருந்ததாம்.

"நம்மளையும் கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்றாங்க. கார்லயே போயிடலாமா?" என்று கேட்டாள்.

"நம்ம வண்டி என்ன ரிப்பேரா?" என்றேன்.

பட்டுப்புடவையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்தாள். எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். இத்தனை மாதம் கழித்து அவள் என் வண்டியில். முதுகைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தேன். தெருமுனை போனது. வாஞ்சூர் வந்தது. நாகூர் தாண்டியது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் இல்லை, அது எனக்குத் தெரியும். வண்டியில் பேசும் பழக்கம் விட்டுப்போய்விட்டது. கடைசியில் நானே, "என்ன ஒண்ணும் பேசாம வர்ற?" என்று கத்தினேன். "என்ன சொன்னீங்க? கேக்கல," என்றாள்.

வாஞ்சூர் பங்க்கில் பெட்ரோல் போட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தமிழ்நாட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. வளைகாப்புக்கு நேரமாகிறது, வரும்போது போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காலையில் டேங்கை ஆட்டிக் கேட்டதில், போய்வரத் தாராளமாகப் போதும் என்று என் காது சொல்லியிருந்தது.

விருந்து முடிந்து மூன்று மணி வாக்கில் திரும்பினோம். நாகப்பட்டினத்தைத் தாண்டும்போதே முள் படுத்துவிட்டதை அவள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, இங்கயே கொஞ்சம் போட்டுக்குங்க."

"தமிழ்நாட்டுலயா?"

"எங்க போட்டா என்னங்க, வண்டி ஓடுனா சரி."

"வாஞ்சூர் வரைக்கும் ஓடும்."

நாகூரில் இன்னொரு பங்க் வந்தது. அதன் வாசலில் ஆளே இல்லை. அவள் என் தோளைத் தொட்டுக் காட்டினாள். நான் தலையாட்டிவிட்டு, பெட்ரோல் செலவாகாமல் இருக்க இன்னும் மெதுவாக ஓட்டினேன். நாகூரைத் தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது வண்டி இரண்டு முறை இருமியது. ரிசர்வுக்குத் திருப்பப் போனால், ஏற்கெனவே ரிசர்வில்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் எங்கள் எல்லை.

அவள் இறங்கினாள். நான் பழக்க தோஷத்தில் ஹெல்மெட்டைக் கழற்றி, வண்டியைச் சாய்த்து ஆட்டி டேங்கில் காதை வைத்தேன். நிமிர்ந்தால், அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. பத்து நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்துவிட்டது.

"சிரி. கேட்டுல உக்காந்து அவங்கள எல்லாம் சிரிக்க வச்சியே. இப்ப நேர்லயே பாத்துக்க. நல்லாப் பாத்துக்கிட்டுப் போய் நாளைக்குக் கார்ல பண்ணிக் காட்டு."

அவள் முகம் மாறிவிட்டது. "எப்ப பாத்தீங்க?"

"எப்பவோ பாத்தேன். பக்கத்துலயேதான் நின்னேன்."

மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. தாம்பூலப் பையை ஹேண்டில்பாரில் மாட்டினாள். புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, "வாங்க, தள்ளுவோம்," என்றாள். நான் தள்ளினேன். அவள் பக்கத்தில் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"சுமை எறங்கிடுச்சே. இப்ப மைலேஜ் எப்படி இருக்கு?"

அப்போதுதான் அந்த ரசக் கரண்டி நின்றது ஞாபகம் வந்தது. இத்தனை நாள் அதை அவள் மனதில் வைத்திருந்திருக்கிறாள். நான் டேங்கின் கனத்தையும் பையின் கனத்தையும்தான் நினைத்துப் படித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்துவிட்டு மூடிக்கொண்டேன். எதற்குப் பிறகு எதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியும்.

"அன்னிக்குப் பண்ணுனத எனக்கு ஒரு தடவை பண்ணிக் காட்டு," என்றேன்.

"இங்கயா? ரோட்டுலயா?"

"அவங்களுக்கு மட்டும் காட்டுவ, எனக்குக் காட்ட மாட்டியா?"

சொன்ன விதம் எனக்கே கேவலமாக இருந்தது. மிட்டாய் கிடைக்காத பிள்ளை கேட்பதைப் போலக் கேட்டிருக்கிறேன். அவள் நின்றாள். பிறகு பாலத்து ஓரத்தில், பட்டுப்புடவையோடு, செய்ய ஆரம்பித்தாள். ஹேண்டில்பாரை ஆட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். உதட்டைப் பிதுக்கினாள். டயரைச் சுண்டினாள். ஒரு பஸ் எங்களைக் கடந்து போனது, ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சட்டைப்பையைத் தட்டிக்கொண்டு முடித்தாள். எனக்கு அடக்க முடியவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளும் சிரித்தாள். புருவம் ஏறியது, ஒரு கன்னம் குழிந்தது. ஒரு முழம் தூரத்தில் பார்த்தேன்.

"இத்தனை வருஷத்துல இதெல்லாம் எனக்கு ஏன் காட்டல?" என்றேன்.

"காட்டாம என்ன? எல்லாத்தையும் பின்னாடி உக்காந்து பண்ணிக்கிட்டுத்தான் வந்தேன். ஹெட்மாஸ்டர் மாதிரி, ஸ்கூல் ஆயா மாதிரி. நீங்க எங்க பாத்தீங்க? கார்ல பேசுனா அவங்க மூஞ்சி தெரியுது. சிரிக்கிறாங்களா இல்லையான்னு தெரியுது. உங்ககிட்ட பேசுனா ஹெல்மெட்டுதான் தெரியும்."

நான் வண்டியைத் தள்ளினேன். பாலம் இறங்கும் இடம் வந்துவிட்டது. இறக்கத்தில் வண்டி தானாக உருண்டது. ஆனாலும் என்னால் விட முடியவில்லை.

"கடைசியா ஒண்ணு பண்ணுனியே. கையைப் பின்னாடி கொண்டுபோய். அத விட்டுட்டியே."

"அது வேணாங்க."

"அப்படி என்ன பண்றேன் நான்? அவங்க மூஞ்சியே மாறிப்போச்சு."

அவள் ஹேண்டில்பாரில் ஆடிக்கொண்டிருந்த தாம்பூலப் பையைச் சரியாக மாட்டினாள்.

"காலையில வண்டியைக் கெளப்புறதுக்கு முன்னாடி, நான் ஏறிட்டேனான்னு கையைப் பின்னாடி விட்டு சீட்டைத் தட்டிப் பாப்பீங்க. திரும்பிப் பாக்க மாட்டீங்க. தட்டித்தான் பாப்பீங்க. நான் கார்ல போக ஆரம்பிச்ச பொறவும் தட்டுறீங்க. தெனமும். கார் வர்ற வரைக்கும் வாசல்லதானே நிக்கிறேன். நீங்க வெறும் சீட்டைத் தட்டிட்டுப் போறதைப் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

எனக்குத் தெரியாது. சத்தியமாக எனக்குத் தெரியாது. என் கை அப்படிச் செய்கிறது என்று அந்தப் பாலத்து இறக்கத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

"அத எதுக்கு அவங்ககிட்ட பண்ணிக் காட்டுன?"

"சிரிப்பாங்கன்னுதான் பண்ணுனேன். யாரும் சிரிக்கல."

என்னைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்று அந்த மூன்று டீச்சர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கும் ஒரு நிமிடம் பொறாமைப்பட்டேன். பிறகு வண்டியை நிறுத்தி, கழற்றி வைத்திருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டேன்.

வாஞ்சூர் பங்க்கில் தமிழ்நாட்டு வண்டிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றோம். வரிசை நகர நகரத் தள்ளினேன். எங்கள் முறை வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொன்னேன்.

"நாளையிலேருந்து என்கூடவே வந்துடேன். வெல எவ்வளவு ஏறுனாலும் ஏறட்டும்."

யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"வேணாங்க. எனக்குக் கார் புடிச்சிருக்கு."

டேங்கை நிரப்பச் சொன்னேன். எத்தனையோ மாதம் கழித்து முழு டேங்க். அவள் ஏறி உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை காலையில் கார் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. பூச்சரத்தோடு அவள் போய் முன் சீட்டில் உட்கார்ந்தாள். கையில் டப்பா இருந்தது, என்ன பலகாரம் என்று நான் கேட்கவில்லை. பின் சீட்டு இரண்டு பேரும் பட்டினத்தில்தான் ஏறுவார்கள். காரில் அவளும் கணக்கு டீச்சரும் மட்டும். நான் பைக்கில் ஏறி ஹெல்மெட்டை மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். என் இடது கை தானாகப் பின்னால் போனது. அது போவதை அன்றுதான் முதல்முதலாகக் கவனித்தேன். பாதியில் நிறுத்தினேன்.

தலையைத் திருப்பினேன். வெறும் சீட்டு. அதற்கு அப்பால் கார். கண்ணாடியை இறக்கிவிட்டு அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கணக்கு டீச்சரும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பார்த்தார்.

பார்க்கட்டும் என்று சீட்டை இரண்டு முறை தட்டினேன். தட்டிவிட்டுக் கிளம்பினேன். அன்று அந்தக் காருக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவள் இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.